சர்க்கரைச் சட்டை போட்ட இரும்பு!

உடம்புக்குள் போகிறது, நோயைக் காட்டிக் கொடுக்கிறது

இரும்பை மிக மிகச் சிறிய மணிகளாகச் செய்கிறார்கள். அந்த மணிகளுக்குச் சர்க்கரைப் பூச்சுப் பூசுகிறார்கள். பிறகு மனிதனுடைய ரத்தத்தில் ஏற்றுகிறார்கள்.

எதற்காக?

நோய் எங்கே ஒளிந்து இருக்கிறது என்று பார்ப்பதற்காக!

இந்த இரும்பு நோயைக் குணப்படுத்தாது. நோயோடு சண்டையும் போடாது. அது செய்வது ஒரே ஒரு வேலைதான். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் படத்தில், நல்ல சதையைக் கறுப்பாக்கும். கெட்ட சதையை வெள்ளையாக விட்டு விடும்.

கறுத்த இடம் நல்ல இடம். வெளுத்த இடம் சந்தேகப்பட வேண்டிய இடம்.

டாக்டர் கத்தியை எடுப்பதற்கு முன்பே இது தெரிந்து விடும்.

எத்தனை சிறியது?

ஒரு மில்லி மீட்டரை 10 லட்சம் பங்கு போட வேண்டும். அதில் ஒரு பங்குக்கு "நானோ மீட்டர்" என்று பெயர்.

இந்த இரும்பு மணியின் குறுக்களவு சுமார் 5 நானோ மீட்டர். 2 லட்சம் மணிகளை வரிசையாக வைத்தால்தான் ஒரு மில்லி மீட்டர் நீளம் வரும்!

பூச்சையும் சேர்த்தால் துகள் கொஞ்சம் பெரிதாகும். ஒரு ரகம் சுமார் 30 நானோ மீட்டர். இன்னொரு ரகம் 100 நானோ மீட்டருக்கும் மேலே போகும்.

நமது ரத்தத்தில் சிவப்பு அணு இருக்கிறது அல்லவா? அது கண்ணுக்குத் தெரியாது. அந்தச் சிவப்பு அணு ஒன்றின் குறுக்கே, சிறிய ரகத் துகள்கள் 200ஐ வரிசையாக நிறுத்தலாம்.

இது வெறும் இரும்பு அல்ல. இரும்பும் பிராண வாயுவும் சேர்ந்த கறுப்புப் பொருள். ஒரு வகையில், துருவுக்கு உறவு. இயற்கையில் கிடைக்கும் காந்தக் கல்லும் இதே குடும்பம்தான்.

எலும்பும் சதையும்

உடம்பின் உள்ளே இருப்பதைக் காட்ட எக்ஸ்ரே இருக்கிறது. அது எலும்பை நன்றாகக் காட்டும். சதைக்கும் சதைக்கும் உள்ள வேற்றுமையை அவ்வளவு தெளிவாகக் காட்டாது.

இந்தக் குறையைத் தீர்க்க வந்தது எம்.ஆர்.ஐ. கருவி. இதில் எக்ஸ்ரே கதிர் கிடையாது. காந்தமும் ரேடியோ அலையும்தான் உண்டு.

இதற்கு வழி காட்டியவர் பால் லாட்டர்பர் என்ற அமெரிக்க விஞ்ஞானி. காந்தத்தைக் கொண்டு படம் எடுக்கலாம் என்று அவர் கட்டுரை எழுதினார். "நேச்சர்" என்ற விஞ்ஞானப் பத்திரிகைக்கு அனுப்பினார். பத்திரிகை முதலில் அதைத் திருப்பி அனுப்பி விட்டது!

அவர் விடவில்லை. மீண்டும் எழுதிக் கேட்டார். 1973-ம் ஆண்டில் கட்டுரை வெளி வந்தது. 2003-ம் ஆண்டில் அவருக்கும், இங்கிலாந்து விஞ்ஞானி பீட்டர் மேன்ஸ்பீல்டுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அணுக்களின் கும்மி

எம்.ஆர்.ஐ. கருவி எப்படிப் படம் எடுக்கிறது?

உடம்பில் பெரும் பகுதி தண்ணீர். தண்ணீரில் ஹைட்ரஜன் அணுக்கள் இருக்கின்றன. ஒவ்வொரு ஹைட்ரஜன் அணுவின் கருவும் ஒரு குட்டிக் காந்தம்.

பெரிய காந்தத்துக்குள் மனிதனைப் படுக்க வைக்கிறார்கள். ரேடியோ அலையை அனுப்புகிறார்கள். உடனே அந்தக் குட்டிக் காந்தங்கள் எல்லாம் ஒரே தாளத்தில் சுற்றுகின்றன. அவையும் பதிலுக்கு ரேடியோ அலையை அனுப்புகின்றன. அந்தப் பதிலை வாங்கி, கம்ப்யூட்டர் படமாக்குகிறது.

கும்மி அடிப்பதைப் பார்த்து இருப்பீர்கள். இருபது பெண்கள் ஒரே தாளத்தில் கை தட்டினால், சத்தம் தெருக் கோடி வரை கேட்கும்.

நடுவில் ஒருவன் புகுந்து, வேறு தாளத்தில் டமாரம் அடித்தால் என்ன ஆகும்? ஒவ்வொருவரும் ஒவ்வொரு தாளத்தில் தட்டுவார்கள். கும்மி கலைந்து போகும்.

இரும்புத் துகள் செய்கிற வேலையும் இதுதான். அது போய்ச் சேர்ந்த இடத்தில், பக்கத்தில் உள்ள நீர் அணுக்களின் தாளத்தைக் கெடுக்கிறது. அந்த இடத்தில் இருந்து பதில் வருவது சீக்கிரம் அடங்கி விடுகிறது. பதில் வராத இடம் படத்தில் கறுப்பாகத் தெரிகிறது.

காந்தம் இழுக்காதா?

எம்.ஆர்.ஐ. அறைக்குள் சாவிக் கொத்துக் கூடக் கொண்டு போகக் கூடாது. இரும்பு நாற்காலி இருந்தால், காந்தம் அதை இழுத்துக் கொள்ளும். சாதாரண எம்.ஆர்.ஐ. கருவியில் உள்ள காந்தத்தின் வலிமை, பூமியின் காந்த வலிமையைப் போல சுமார் 30,000 மடங்கு.

அப்படி இருக்கும் போது, ரத்தத்தில் இரும்பை ஏற்றலாமா? காந்தம் அதைப் பிய்த்துக் கொண்டு போகாதா?

போகாது. காரணம், மணியின் சிறிய அளவு. இவ்வளவு சிறிய மணியின் மேல் காந்தத்தின் இழுப்பு மிகவும் குறைவு. ரத்த ஓட்டமும், நீர் அணுக்களின் இடைவிடாத மோதலும் அந்த இழுப்பை வென்று விடுகின்றன.

இன்னொரு வேடிக்கையும் உண்டு.

வகுப்பில் வாத்தியார் இருக்கிற வரையில் பிள்ளைகள் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்து இருப்பார்கள். வாத்தியார் வெளியே போனதும், திசைக்கு ஒருவராகத் திரும்பிக் கொள்வார்கள்.

இந்த மணிகளும் அப்படித்தான். பெரிய காந்தம் எதிரில் இருக்கும் போது, இவையும் காந்தம் ஆகும். காந்தத்தை விட்டு வெளியே வந்ததும், காந்த குணத்தை விட்டு விடும். ஆகையால் ஒன்றை ஒன்று இழுத்துக் கட்டியாகச் சேர்வது இல்லை.

பூச்சு எதற்கு?

பூச்சு இல்லாத மணியை ரத்தத்தில் விடக் கூடாது. இவ்வளவு சிறிய மணிகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கொள்ளும். கட்டியானால் ஆபத்து.

ஆகவே, ஒவ்வொரு மணிக்கும் சட்டை போட வேண்டும். அந்தச் சட்டைதான் "டெக்ஸ்ட்ரான்".

டெக்ஸ்ட்ரான் என்பது சர்க்கரை அணுக்கள் சங்கிலி போலக் கோத்துக் கொண்ட ஒரு பொருள். சர்க்கரை ஆலைகளில் சில சமயம் கரும்புச் சாறு கொழ கொழ என்று ஆகி விடும். ஒரு நுண் கிருமி அதில் புகுந்து வளர்வதுதான் காரணம். அந்தக் கிருமி உண்டாக்கும் பிசின்தான் டெக்ஸ்ட்ரான்!

ஆலைக்காரர்களுக்கு அது தொல்லை. டாக்டர்களுக்கோ அது வரப் பிரசாதம் ஆயிற்று. இரண்டாவது உலக யுத்த காலத்தில், ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானிகள் அதைச் சுத்தப்படுத்தினார்கள். ரத்தம் இழந்தவர்களுக்கு அதன் கரைசலை ஏற்றலாம் என்று கண்டு பிடித்தார்கள்.

பூச்சுப் பூசுவதும் விசித்திரமான முறைதான். இரும்பு உப்புகளையும் டெக்ஸ்ட்ரானையும் தண்ணீரில் கரைக்கிறார்கள். அதில் அமோனியாவை ஊற்றுகிறார்கள். கரைசல் கறுப்பாக மாறுகிறது. இரும்பு மணி உண்டாகும் போதே, டெக்ஸ்ட்ரான் அதைச் சுற்றிக் கொள்கிறது.

சட்டை போட்ட மணிகள் ஒட்டிக் கொள்ளாது. தண்ணீரில் மிதந்து கொண்டே இருக்கும்.

1978-ம் ஆண்டிலேயே ஜப்பான் விஞ்ஞானிகள் இந்தப் பொருளைச் சோதித்தார்கள். அது நீர் அணுக்களின் தாளத்தைக் கலைக்கிறது என்று எழுதினார்கள்.

கல்லீரலின் காவல்காரர்கள்

துகள் ரத்தத்தில் போகிறது. பிறகு எங்கே போகும்?

கல்லீரலுக்குப் போகும். அங்கே காவல்கார அணுக்கள் இருக்கின்றன. ரத்தத்தில் வரும் தூசி, கிருமி, பழைய அணு எல்லாவற்றையும் அவை விழுங்கி விடும். 1876-ம் ஆண்டில் இவற்றைப் பற்றி எழுதியவர் குப்பர் என்ற ஜெர்மன் டாக்டர். அதனால் "குப்பர் அணுக்கள்" என்று பெயர்.

இரும்புத் துகளையும் இவை விழுங்குகின்றன. கல்லீரல் முழுதும் இந்த அணுக்கள் பரவி இருப்பதால், கல்லீரல் முழுதும் படத்தில் கறுத்துப் போகிறது.

ஆனால் வேறு இடத்தில் இருந்து பரவி வந்த புற்றுக் கட்டியில் குப்பர் அணுக்கள் இல்லை. அங்கே இரும்பை விழுங்க ஆள் கிடையாது. ஆகவே, கறுப்புக் கல்லீரலின் நடுவே புற்றுக் கட்டி மட்டும் வெள்ளையாகத் தெரியும்.

1988-ம் ஆண்டில் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து டாக்டர்கள் நோயாளிகளிடம் இதைச் சோதித்து, முடிவை வெளியிட்டார்கள். 1996-ம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கம் "பெரிடெக்ஸ்" என்ற மருந்துக்கு அனுமதி கொடுத்தது.

60 கிலோ எடை உள்ள ஒருவருக்குக் கொடுக்கும் பெரிடெக்ஸ் மருந்தில், இரும்பு சுமார் 34 மில்லி கிராம்தான். நமது உடம்பில் ஏற்கெனவே 3 அல்லது 4 கிராம் இரும்பு இருக்கிறது. அதில் இது நூறில் ஒரு பங்கு!

நெறியில் ஒளிந்த நோய்

கல்லீரலோடு வேலை முடியவில்லை.

காலில் முள் குத்திப் புண் ஆனால், தொடை இடுக்கில் நெறி கட்டும். அந்த இடத்தில் இருப்பது நிணநீர் முடிச்சு. உடம்பு முழுதும் இப்படி நூற்றுக் கணக்கான முடிச்சுகள் இருக்கின்றன. இவையும் உடம்பின் காவல் நிலையங்கள்தான்.

புற்று நோய் பரவும் போது, பல சமயம் முதலில் இந்த முடிச்சுகளுக்குத்தான் வரும்.

முடிச்சில் நோய் இருக்கிறதா, இல்லையா? இது பெரிய கேள்வி. நோய் ஒரே இடத்தில் இருந்தால், ஆபரேஷன் செய்து குணப்படுத்தப் பார்க்கலாம். முடிச்சுக்குப் பரவி இருந்தால், வைத்திய முறையே மாறும். தெரியாமல் அறுத்தால், நோயாளிக்கு வலிதான் மிச்சம் ஆகலாம்.

பழைய முறையில் அளவை மட்டும் பார்ப்பார்கள். முடிச்சு பெரிதாக இருந்தால் சந்தேகப்படுவார்கள். சிறிதாக இருந்தால் விட்டு விடுவார்கள்.

ஆனால் சிறிய முடிச்சிலும் நோய் இருக்கலாம். புண் காரணமாக வீங்கிய பெரிய முடிச்சில் புற்று நோயே இல்லாமலும் இருக்கலாம்.

80 பேர் சோதனை

இதற்காக 30 நானோ மீட்டர் அளவுள்ள சிறிய ரகத் துகளைச் செய்தார்கள். "காம்பிடெக்ஸ்" என்று அதற்குப் பெயர். மிகவும் சிறியதாக இருப்பதால், கல்லீரல் இதை உடனே பிடித்து விடுவது இல்லை. ரத்தத்தில் நெடு நேரம் சுற்றி, நிணநீர் முடிச்சுகளுக்கும் போய்ச் சேரும். நல்ல முடிச்சில் காவல் அணுக்கள் அதை விழுங்கும். முடிச்சு கறுக்கும். புற்று நோய் பிடித்த இடம் கறுக்காது.

டாக்டர்கள் இரண்டு முறை படம் எடுப்பார்கள். மருந்து ஏற்றும் முன்பு ஒன்று. மருந்து ஏற்றி, ஒரு நாள் கழித்து ஒன்று. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

பாஸ்டன் நகரத்து டாக்டர் முகேஷ் ஹரிசிங்கானியும், நெதர்லாந்து நாட்டில் நைமேகன் நகரத்து டாக்டர் பாரென்ட்சும், மற்ற டாக்டர்களும் சேர்ந்து ஒரு சோதனை நடத்தினார்கள். முடிவு 2003-ம் ஆண்டில் வெளி வந்தது.

சோதனையில் கலந்து கொண்டவர்கள் 80 பேர். எல்லோரும் ஆண்கள். எல்லோருக்கும் புராஸ்டேட் சுரப்பியில் புற்று நோய். இந்தச் சுரப்பி, ஆண்களுக்குச் சிறுநீர்ப் பையின் கீழே இருக்கிறது.

அவர்களுடைய நிணநீர் முடிச்சுகள் 334ஐ வெளியே எடுத்தோ, ஊசியால் குத்திச் சதை எடுத்தோ மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். 33 பேருக்கு, 63 முடிச்சுகளில் புற்று நோய் பரவி இருந்தது.

அந்த 63 முடிச்சுகளில் 45, பார்வைக்குச் சாதாரணமாகவே இருந்தன! அளவை மட்டும் பார்த்து இருந்தால், இந்த 45ம் தப்பி இருக்கும்.

சாதாரண எம்.ஆர்.ஐ. படம், நோய் உள்ள முடிச்சுகளில் 100க்கு 35ஐத்தான் கண்டு பிடித்தது. இரும்புத் துகள் ஏற்றி எடுத்த படம், 100க்கு 90ஐக் கண்டு பிடித்தது. நோய் பரவிய 33 பேரில் ஒருவர் கூடத் தப்பவில்லை.

கதவு மூடியது

இவ்வளவு நல்ல துகள், எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் வந்து இருக்க வேண்டும். வரவில்லை!

2005-ம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கத்தின் நிபுணர் குழு, காம்பிடெக்ஸ் மருந்தைப் பரிசீலித்தது. பல வகைப் புற்று நோய்களுக்கும் இதை அனுமதிக்கும் அளவுக்கு ஆதாரம் போதாது என்று குழு கருதியது. ஒவ்வாமை பற்றிய கவலையும் இருந்தது. அனுமதி கிடைக்கவில்லை. ஐரோப்பாவில் கொடுத்து இருந்த விண்ணப்பத்தை 2007-ம் ஆண்டில் திரும்பப் பெற்றுக் கொண்டார்கள்.

பெரிடெக்ஸ் மருந்தும் நிலைக்கவில்லை. அதை அரை மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். சிலருக்கு முதுகு வலி வந்தது. கடோலினியம் என்ற உலோகத்தைக் கொண்ட மருந்துகளை ஏற்றுவது சுலபமாக இருந்தது. டாக்டர்கள் அந்தப் பக்கம் போனார்கள். 2008-ம் ஆண்டில் பெரிடெக்ஸ் தயாரிப்பதை நிறுத்தி விட்டார்கள்.

நைமேகன் டாக்டர்கள் மட்டும் கை விடவில்லை. காம்பிடெக்சில் இருந்த அதே துகளைப் பிறகு மீண்டும் தயாரிக்க ஏற்பாடு செய்து, தங்கள் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குப் படம் எடுத்தார்கள்.

இன்னொரு கதவு

இதற்கு இடையில், கடோலினியத்திலும் ஒரு சிக்கல் வந்தது.

2006-ம் ஆண்டில் டாக்டர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். சிறுநீரகம் கெட்டுப் போனவர்களில் சிலருக்கு, கடோலினியம் ஏற்றிய பிறகு தோல் மரத்துப் பலகை போல இறுகியது. மூட்டுகளை மடக்க முடியவில்லை. சிறுநீரகம் வேலை செய்யாததால், மருந்து வெளியேறாமல் உடம்பிலேயே தங்கியது. இந்த ஆபத்து மிகவும் குறைந்த கடோலினியம் மருந்துகளும் உண்டு. ஆனாலும் சிறுநீரக நோயாளி என்றால் டாக்டர்கள் யோசிக்கிறார்கள்.

அப்போது இரும்புத் துகள் வேறு வேஷத்தில் வந்து சேர்ந்தது!

சிறுநீரகம் கெட்டவர்களுக்கு ரத்த சோகை வரும். அதற்கு இரும்புச் சத்து ஏற்ற வேண்டும். 2009-ம் ஆண்டில் "பெராஹீம்" என்ற இரும்பு மருந்துக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது. அந்த மருந்து என்ன தெரியுமா? சர்க்கரை இனப் பூச்சுப் பூசிய, சுமார் 30 நானோ மீட்டர் அளவுள்ள இரும்புத் துகள்தான்!

சோகைக்கு வந்த மருந்தைக் கொண்டு படமும் எடுக்கலாம் என்று டாக்டர்கள் கண்டார்கள். இந்தத் துகள் ரத்தத்தில் பல மணி நேரம் சுற்றிக் கொண்டு இருக்கும். ரத்தத்தில் மெல்லியதாகப் பரவி இருக்கும் போது, வேறு முறையில் படம் எடுத்தால், ரத்தக் குழாய் கறுக்காமல் பளிச்சென்று வெளுப்பாகத் தெரியும். அணுக்களுக்குள் குவிந்த பிறகுதான் கறுப்பு.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து டாக்டர்கள், பிறவியிலேயே இருதயக் கோளாறு உள்ள குழந்தைகளுக்கும் இந்தத் துகளை ஏற்றிப் படம் எடுத்து இருக்கிறார்கள்.

எச்சரிக்கை!

இது தண்ணீர் அல்ல, மருந்து. சிலருக்கு ஒத்துக் கொள்ளாது.

பெராஹீம் ஏற்றியவர்களில் மிகச் சிலருக்கு, ரத்த அழுத்தம் திடீரென்று குறைந்து உயிருக்கே ஆபத்து ஆனது. சிலர் இறந்தும் போனார்கள். ஆகவே, 2015-ம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கம் கடுமையான எச்சரிக்கை விடுத்தது. ஒரேயடியாக ஊசி போடக் கூடாது. 15 நிமிஷமாவது எடுத்துக் கொண்டு, மெதுவாக ஏற்ற வேண்டும். ஏற்றிய பிறகு அரை மணி நேரம் நோயாளியின் பக்கத்தில் இருந்து கவனிக்க வேண்டும். வேறு இரும்பு ஊசி ஒத்துக் கொள்ளாதவர்கள், அதை டாக்டரிடம் முன்பே சொல்லி விட வேண்டும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இந்த மருந்தை ரத்த சோகைக்காக ஏற்றிக் கொண்டால், அதற்கு அப்புறம் 3 மாதம் வரையில் எடுக்கும் எம்.ஆர்.ஐ. படங்கள் மாறித் தெரியலாம். படம் எடுக்கப் போகும் போது, "எனக்கு இரும்பு ஏற்றினார்கள், இன்ன தேதியில்" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், மருந்தின் கறுப்பை நோயின் அடையாளம் என்று எண்ணி விடக் கூடும்.

இரும்பு எங்கே போகிறது?

வேலை முடிந்த பிறகு துகள் என்ன ஆகிறது? உடம்பிலேயே கிடந்து துருப் பிடிக்குமா?

இல்லை. விழுங்கிய காவல் அணுக்கள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கின்றன. சர்க்கரைச் சட்டை தனியாகப் பிரிகிறது. இரும்பு தனியாகப் பிரிகிறது.

பிரிந்த இரும்பை உடம்பு வீணாக்குவது இல்லை. நாம் சாப்பிடும் கீரையில் இருந்தும், மீனில் இருந்தும் வரும் இரும்போடு அதையும் சேர்த்துக் கொள்கிறது. எலும்புக்கு உள்ளே இருக்கும் மஜ்ஜைக்கு அனுப்புகிறது. அங்கே புதிய சிவப்பு அணுக்கள் பிறக்கின்றன.

நோயைக் காட்டிக் கொடுத்த இரும்பு, சில வாரங்களில் நோயாளியின் சொந்த ரத்தமாக ஓடத் தொடங்குகிறது.